மெமரி காட் குழப்படி செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

"அண்ணை, காட்டில ஒண்டும் இல்லை எண்டு காட்டுது. போமட் பண்ணட்டோ எண்டு லப்டொப் கேக்குது. பண்ணட்டோ?"

இரவு பதினொரு மணிக்கு விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி எடுத்த போன் இது. அன்று விடியப்புறம் பொம்பிளை வெளிக்கிட்டதிலிருந்து பின்னேரம் வரை கலியாணவீட்டில் படம் எடுத்துக்கொண்டு நின்றவர். குரல் நடுங்கியது. "ஒண்டையும் அமத்தாதையும் தம்பி. காட்டைக் கழட்டி மேசையில வையும். விடிய இஞ்ச வாரும்" என்றேன்.

காலையில் கிளிநொச்சிக்கு வந்தார். அந்தக் காட்டை, காட்டிலிருந்து கணினிக்குப் படம் எடுக்கும் என்னுடைய ரீடரில் போட்டேன். எல்லாப் படமும் வரிசையாக வந்து நின்றன. காட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை அவருடைய பழைய லப்டொப்பில். இரவே 'யெஸ்' அமத்தியிருந்தால், லப்டொப்பின் குறைக்காக ஒரு குடும்பத்தின் கலியாணப் படங்களுக்கு அல்லவா அவர் தண்டனை கொடுத்திருப்பார்?

அதனால்தான் இதை அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். காட் என்ன செய்கிறது என்று பார்த்தால் பிழை காட்டிலா, கமராவிலா, ரீடரிலா, நம்முடைய கைப்பழக்கத்திலா என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். அதைப் பிடிக்கும்வரை எந்தக் கேள்விக்கும் ஓம் சொல்லக்கூடாது.

எதற்கும் முன்னால் ஒன்று. படத்தை அழித்தாலும் சரி, சாதாரணமாகப் போமட் செய்தாலும் சரி, பெரும்பாலும் அழிவது பொருளடக்கப் பக்கம் மட்டும்தான். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் போய்விடும். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிதாக ஒரு படம் எடுத்தால்தான் பழையதன் மேல் அது ஏறி உட்காரும். ஆகவே சந்தேகம் வந்த உடனே கமராவை நிறுத்தி, காட்டைக் கழற்றி, பக்கத்திலுள்ள பூட்டுத் துண்டைப் பூட்டு நிலைக்குத் தள்ளி, வேறு காட்டைப் போட்டு வேலையைத் தொடருங்கள். இன்னொரு காட் பையில் இல்லாமல் வேலைக்குப் போகவே கூடாது.

கமரா "காட் இல்லை" அல்லது "வாசிக்க முடியவில்லை" என்கிறது

கனன் கமராக்களில் 'எர்ர் 02' என்று வரும். நிக்கனில் 'சிஎச்ஏ' என்ற மூன்று எழுத்து மினுங்கும். இரண்டுக்கும் பொருள், கமராவால் காட்டுடன் பேச முடியவில்லை என்பதே. காட் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

முதலில் காட்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண எஸ்டி காட்டின் பின்பக்கம் 9 தங்க நிறத் தகடுகள் இருக்கும். இரண்டு வரிசை கொண்ட வேகமான காட் என்றால் 17. வன்னியில் வேலை செய்கிறவர்களின் காட்டில் அந்தத் தகடுகளின் மேல் மெல்லிய செம்மண் படலம் இருப்பது வழமை. கோடையில் உள்வீதியால் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கி, சேர்ட்டுப் பையில் வெறும் காட்டைப் போட்டு எடுத்தால் அப்படித்தான் வரும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் வேலை செய்தால் உப்புக் காற்றும் சேர்ந்து தகடு மங்கிப் போயிருக்கும். மென்மையான வெள்ளை அழிறப்பரால் இரண்டு மூன்று தரம் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். கமராவின் காட் துவாரத்துக்குள் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போனால் இருக்கிற பிழை இரண்டாகும். லென்ஸ் துடைக்க வைத்திருக்கும் றப்பர் ஊதியே போதும். பற்றரி இறங்கியிருந்தாலும் இதே பிழை காட்டலாம், அதையும் மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? காட்டை மாற்றிக் கமராவைச் சோதியுங்கள், கமராவை மாற்றிக் காட்டைச் சோதியுங்கள். உங்கள் காட் இன்னொருவரின் கமராவில் வேலை செய்து, அவருடைய காட் உங்கள் கமராவில் வேலை செய்யாவிட்டால் பிழை உங்கள் கமராவின் துவாரத்தில்தான். புதுக் காட் வாங்கிப் பயன் இல்லை. கலியாணவீட்டில் வீடியோக்காரரும் நிற்பார், ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம்.

போனுக்கான சின்ன மைக்ரோ காட்டை உறைக்குள் செருகிக் கமராவில் பாவிக்கிறவர்கள், முதலில் அந்த உறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். காட்டுக்கும் கமராவுக்கும் நடுவில் இன்னொரு தொடர்பு வைத்தால், கழன்றுபோக இன்னோர் இடம் வைத்ததுதானே. வீட்டுப் படத்துக்குச் சரி. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு முழு அளவு எஸ்டி காட்டையே வாங்குங்கள்.

இரண்டாம் கையாக வாங்கிய பழைய பெரிய கமராக்களில், கனன் 5டி மார்க் 2 போன்றவற்றில், சிஎஃப் என்ற வேறு வகைக் காட் இருக்கும். அதன் துவாரத்துக்குள் ஊசி போல 50 கம்பிகள். காட் உள்ளே போக மறுத்தால் தள்ளாதீர்கள். ரோச் அடித்து உள்ளே பாருங்கள். ஒரு கம்பி வளைந்திருந்தாலும் திருத்துபவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

"காட் பூட்டப்பட்டுள்ளது" என்று வருகிறது

பெயர் தெரிகிற பக்கம் உங்களைப் பார்க்க, வெட்டிய மூலை மேலே வலப்பக்கம் இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கம் ஒரு சின்னத் துண்டு நகரும். மேலே தள்ளினால் திறப்பு, கீழே என்றால் பூட்டு. கமராவுக்குள் செருகும்போதே சிலவேளை அது கீழே இழுபடும். துண்டு கழன்று விழுந்துவிட்டால் கமரா எப்போதும் பூட்டு என்றே எண்ணும். அவசரத்துக்கு அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செலோடேப் ஒட்டினால் வேலை செய்யும். ஆனால் அதை நிரந்தரமாக வைத்திருக்காதீர்கள், டேப் சுருண்டு துவாரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே எடுத்த படங்களைக் கொப்பி பண்ணப் பூட்டைத் திறக்கத் தேவையும் இல்லை.

போமட் செய்யச் சொல்லிக் கேட்கிறது

கேட்பது யார்? கமராவில் படங்கள் தெரிகின்றன, லப்டொப் மட்டும்தான் கேட்கிறது என்றால், அது விசுவமடுத் தம்பியின் கதைதான். 2 ஜிபி வரை எஸ்டி, அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கும் மேலே எஸ்டிஎக்ஸ்சி என்று காட்களில் தலைமுறைகள் உண்டு. எஸ்டிஎக்ஸ்சி வந்தது 2009இல். அதற்கு முந்திய லப்டொப்களிலும் மலிவான ரீடர்களிலும் 64 ஜிபி காட்டைப் போட்டால் அவற்றுக்கு அது விளங்காது. விளங்காததை வெறுமையான காட் என்று எண்ணிப் போமட் செய்யட்டுமா என்று கேட்கும். புது ரீடர் ஒன்றை வாங்குங்கள், அல்லது கமராவையே வயரால் இணைத்துப் படத்தை எடுங்கள். பழைய கமராவிலும் இதே கதை நடக்கும். அந்தக் கமராவுக்கு 32 ஜிபி வரையான காட்தான் சரி.

கமராவும் கேட்கிறது, நல்ல ரீடரும் கேட்கிறது என்றால் பொருளடக்கப் பக்கம் பழுதாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது காட்டைப் பிடுங்கினால், அல்லது எழுதுகிற நேரம் பற்றரி செத்தால் இப்படி ஆகும். படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை நான் பல வருடமாகப் பாவிக்கிறேன். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரே ஒரு கவனம்: பட்டியலில் உங்கள் காட் எது என்று அளவைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள், மீட்ட படங்களைக் கணினியின் டிஸ்கில் சேமியுங்கள். மீட்டதை அதே காட்டில் எழுதினால் இன்னும் மீட்காததன் மேல் ஏறிவிடும். பைல் பெயர்கள் திரும்பி வராது. ஆனால் எடுத்த திகதியும் நேரமும் படத்துக்குள்ளேயே எழுதியிருப்பதால் பிறகு வரிசைப்படுத்தலாம். வீடியோவை மீட்பது கடினம், அது துண்டு துண்டாகப் பல இடத்தில் கிடக்கும்.

மீட்ட படங்களைத் திறந்து பார்த்து, இன்னோரிடத்திலும் கொப்பி எடுத்த பிறகுதான் போமட். அதையும் கமராவிலேயே செய்யுங்கள்.

எந்த ரீடரிலும் எந்தக் கமராவிலும் காட் இருப்பதாகவே காட்டாவிட்டால் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. சிப்பை நேரடியாக வாசிக்கும் இடங்கள் உண்டு, செலவு பெரிது. சூடாக்குவது, பிரித்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

படத்தின் மேல்பாதி சரி, கீழ்ப்பாதி சாம்பல்

இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, எனக்கே பட்டது.

தருமபுரத்தில் ஒரு சாமத்தியவீடு. புதிதாக வாங்கிய 64 ஜிபி காட். எடுக்கும்போது ஒவ்வொரு படமும் கமராத் திரையில் அழகாக வந்தது. இரவு வீட்டில் வந்து திறந்தேன். காலையில் தண்ணி வார்த்தது, வெளிக்கிடுத்தியது எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆலாத்தி எடுக்கிற இடத்துக்கு வந்ததும் ஒரு படத்தில் பிள்ளையின் நெற்றிச்சுட்டி தெரிந்தது, கண் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறம். அடுத்த படம் திறக்கவே இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. பைல் பெயர் இருக்கிறது, அளவும் இருக்கிறது, உள்ளே படம் இல்லை.

பிள்ளையின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவ என்னைத் திட்டவில்லை. "என்ர கலியாண அல்பமும் 2009இல இடம்பெயரேக்க விடுபட்டுப் போச்சுது தம்பி. இவளுக்காவது எல்லாம் இருக்கோணும் எண்டு நினைச்சன்" என்றா. வன்னியில் அதற்கு முந்திய அல்பம் உள்ள வீடுகள் குறைவு. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைக் கொண்டுவந்து, இதைப் பெரிசாக்கித் தர ஏலுமோ என்று இன்றும் கேட்டு வருகிறார்கள். அந்த வீட்டு வாசலில் நின்ற நாளிலிருந்து, சோதிக்காத காட்டை நான் கமராவுக்குள் போட்டதில்லை.

நடந்தது இதுதான். அந்தக் காட் போலி. உள்ளே இருந்த சிப் 8 ஜிபி. 64 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதியிருந்தார்கள். முதல் 8 ஜிபிக்கு ஒழுங்காக எழுதும். அதன் பிறகு வருவதை ஒன்றில் வாங்கிக் காற்றில் விடும், அல்லது தொடக்கத்துக்குத் திரும்பி வந்து பழைய படத்தின் மேலேயே எழுதும். எடுத்த உடனே கமராத் திரையில் தெரிவது கமராவின் சொந்த நினைவகத்திலுள்ள படம், காட்டிலிருந்து வாசித்த படம் அல்ல. அதனால்தான் வேலை நடக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை.

லப்டொப்பில் அளவைப் பார்த்துப் போலியைப் பிடிக்க முடியாது. சொல்லப்போனால் நல்ல 64 ஜிபி காட்டும் விண்டோஸில் 59 சொச்சம் என்றுதான் காட்டும், 32 ஜிபி காட் 29.8 என்று காட்டும். கம்பனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. அதில் ஏமாற்று இல்லை. உறையைப் பார்த்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, இப்போது உறையையும் நன்றாக அச்சடிக்கிறார்கள். ஆனாலும் சில அடையாளங்கள் உதவும். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, மற்றக் கடைகளை விடப் பாதி விலை. தோசிபாவின் மெமரிப் பிரிவு 2019 ஒக்டோபரில் கியோக்சியா என்று பெயர் மாறியது. பழைய பெயருடன் 'இப்பதான் வந்த சரக்கு' என்று ஒருவர் தந்தால் யோசியுங்கள்.

சரியான வழி ஒன்றே. காட்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்ப்பது. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மாக்குக்கும் லினக்ஸுக்கும் எஃப்3, இரண்டும் இலவசம். வெறும் காட்டில், முழு இடத்துக்கும் ஓட விடுங்கள். செக்கனுக்கு 20 எம்பி எழுதுகிற காட் என்றால் 64 ஜிபியை நிரப்பவே ஐம்பது நிமிடத்துக்கு மேல் போகும், வாசிப்பது வேறு. இரவு சாப்பிடும் நேரத்தில் போட்டுவிடுங்கள். பிழை ஏதும் இல்லை என்று வந்தால் காட் சொன்ன அளவு உண்மை. பிழை என்று வந்தால் அடுத்தநாளே பில்லுடன் கடைக்குப் போங்கள். பில் இல்லாமல் காட் வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். பெயர் பெற்ற கம்பனிகளின் பெயரில்தான் போலியும் அதிகம் என்பதால், காட்டில் உள்ள பெயரை விட அதைத் தருகிற கடையைப் பார்த்து வாங்குவது முக்கியம். எனக்கு அந்தக் காட்டைத் தந்த கடையில் பில் கேட்கவில்லை. என்னுடைய பிழை அது.

எப்போதோ ஒரு படம் மட்டும் இப்படிச் சாம்பலாக வந்தால் அது போலியாக இருக்கத் தேவையில்லை. அந்தப் படத்தை நேரே காட்டிலிருந்து கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் கொப்பி பண்ணும்போது ரீடர் பிழை விட்டிருக்கிறது, வேறு ரீடரில் திரும்பக் கொப்பி பண்ணுங்கள்.

தொடர்ந்து எடுக்கும்போது கமரா நின்றுவிடுகிறது, வீடியோ தானாக நிற்கிறது

இது வேகக் குறைவு. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு றோ பைல், அதாவது கமரா பிடித்ததை அப்படியே வைக்கும் பைல், ஏறக்குறைய 25 எம்பி. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளத்தோடு விரலை எடுக்காமல் இருபது படம் எடுத்தால் 500 எம்பி. செக்கனுக்கு 20 எம்பி எழுதும் காட்டுக்கு அதை விழுங்க 25 செக்கன் வேண்டும். 80 எம்பி எழுதுகிற காட்டுக்கு ஆறு செக்கன் போதும். அந்த இடைவெளியில் அட்சதை விழுந்து முடிந்துவிடும்.

காட்டின் முகத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், வாசிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்குச் சின்ன அடையாளங்களைப் பாருங்கள்: 'சி' வளையத்துக்குள் 10 என்றால் செக்கனுக்குக் குறைந்தது 10 எம்பி, 'யூ'வுக்குள் 3 அல்லது வி30 என்றால் 30 எம்பி, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. 4கே வீடியோ 100 மெகாபிட் என்று கமராவில் இருந்தால் பயந்துவிடாதீர்கள். பிட்டை எட்டால் வகுக்க வேண்டும், வருவது 12.5 எம்பி. வி30 தாராளம். ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை வரிசைத் தகடுள்ள யூஎச்எஸ்-1 காட்டின் எல்லை 104 எம்பி. அதற்கு மேல் எழுதியிருக்கும் வேகம் அந்தக் கம்பனியின் சொந்த ரீடரில்தான் கிடைக்கும். இரட்டை வரிசைக் காட்டுக்குக் கூடக் காசு கொடுக்க முதல், உங்கள் கமராவுக்கு அது விளங்குமா என்று பாருங்கள். சோனி ஏ7 3இல்கூட இரண்டு துவாரத்தில் ஒன்றுதான் அதை முழு வேகத்தில் பாவிக்கும்.

முன்பு வேகமாக இருந்த காட் இப்போது மந்தமாகிவிட்டதா? எல்லாவற்றையும் கொப்பி பண்ணிவிட்டுக் கமராவில் போமட் செய்து பாருங்கள். அப்படியும் மந்தம் என்றால் காட் களைத்துவிட்டது.

வீடியோ 4 ஜிபியில் உடைந்து இரண்டாகி வருவது பிழை அல்ல. 32 ஜிபி வரையான காட்களின் ஃபாட்32 அமைப்பில் ஒரு பைல் அதற்கு மேல் போகாது. தொகுக்கும்போது ஒட்டிக்கொள்ளலாம்.

கணினியில் தெரிகிற படம் கமராவில் தெரியவில்லை

காட்டில் வைத்தே பைலுக்குப் பெயர் மாற்றியிருப்பீர்கள், அல்லது போல்டரை மாற்றியிருப்பீர்கள். கமராக்களுக்கு நாலு எழுத்தும் நாலு இலக்கமும் கொண்ட தங்கள் பெயர்முறைதான் விளங்கும். பெயர் மாற்றுவதைக் கொப்பி பண்ணிய பிறகு கணினியில் செய்யுங்கள்.

கொப்பி பண்ணும்போது கரண்ட் போனது

'கட்' செய்து 'பேஸ்ட்' போட்டிருந்தால், அங்கே முழுதாகப் போய்ச் சேராமல் இங்கேயும் அழிந்த படங்கள் இருக்கலாம். காட்டை உடனே எடுத்து ஃபோட்டோரெக் ஓட விடுங்கள். இனிமேல் எப்போதும் 'கொப்பி' மட்டும். மழைக்காலத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை கரண்டை நம்பி மேசைக் கணினியில் கொப்பி போடுவதை நான் விட்டுவிட்டேன். பற்றரி உள்ள லப்டொப்பில்தான் செய்கிறேன். எண்ணிக்கையையும் மொத்த அளவையும் காட்டிலும் டிஸ்கிலும் ஒப்பிட்டு, நடுவில் நாலு படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் காட்டைக் கழற்றுகிறேன். இரண்டாவது டிஸ்கிலும் ஏறும்வரை அந்தக் காட் போமட் ஆகாது.

சரி, எதை வாங்குவது?

ஒரு 256 ஜிபி காட்டை விட நாலு 64 ஜிபி காட் நல்லது என்பது என் எண்ணம். ஒன்று போனால் ஒரு சடங்கு முழுவதும் போகாது. வற்றாப்பளைப் பொங்கலோ ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவோ, இரவு பகலாக நிற்கிற வேலைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காட்டை மாற்றி, எடுத்ததை மூடியுள்ள சின்னப் பெட்டியில் முகம் கீழாக வையுங்கள். கமராவில் இரண்டு துவாரம் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் எழுதும்படி அமையுங்கள். ஒவ்வொரு காட்டின் மேலும் வாங்கிய மாதமும் ஆண்டும் எழுதிவையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தின் முன்தட்டில் காட்டை விட்டுப் போகாதீர்கள். படத்தைக் காட்டிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டாம், மின்சாரம் இல்லாமல் கிடக்கும் சிப்பிலிருந்து மின்னேற்றம் மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் விரைவாக.

காரணம் பிடிபடாமல் ஒரு காட் இரண்டாம் தரம் பிழை விட்டால் அதற்கு மூன்றாம் தரம் கொடுப்பதில்லை. படங்களை எடுத்துவிட்டு அன்றைக்கே கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுங்கள். லாச்சிக்குள் கிடந்தால், அவசரத்துக்கு யாராவது எடுத்துக் கமராவுக்குள் போட்டுவிடுவார்கள்.